கல்வி அதிகாரியின் முன்னால் உட்காரும்போது

மகஜர் எழுதுவதில் நமக்கு நிகர் நாமேதான். நம் அலுவலகத்தின் பழைய இரும்பு அலமாரியைத் திறந்தால் அது தெரியும். மாநகராட்சிக்கு, மாநில அரசுக்கு, கல்வித்துறைக்கு, தேர்தலுக்குத் தேர்தல் வந்துபோன வேட்பாளர்களுக்கு என்று நாம் கொடுத்த கோரிக்கை மனுக்களின் நகல்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற ரப்பர் முத்திரையும் உண்டு. அந்த முத்திரையை வாங்கிக்கொண்டு, அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி ஒரு கட்டிங் சாயா குடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறோம். தமிழ்வழிப் பள்ளிகளோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

மீண்டும் ஒரு தூதுக்குழு போகவேண்டும் என்று தாராவித் தோழர்களும் செம்பூர்த் தோழர்களும் வற்புறுத்துகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் எதைப் பேசப் போகிறோம் என்பதைப் புறப்படுவதற்கு முன் நமக்குள் பேசி முடித்துக்கொள்வது நல்லது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது முக்கியமல்ல. தவறு அவருடையதும் அல்ல. நாங்கள் ஒன்பது பேர் போயிருந்தோம். கையில் இருபத்திரண்டு கோரிக்கைகள் கொண்ட மகஜர். தமிழாசிரியர் நியமனம், கழிப்பறைக் கதவு, பொங்கலுக்கு விடுமுறை, குடிநீர்த் தொட்டி, திருவள்ளுவர் படம், பள்ளி வாசலில் குப்பை என்று எல்லாமே அதில் இருந்தன. அதிகாரி பொறுமையாகப் படித்தார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் சொல்லும் இந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இப்போது எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?"

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. அடுத்து அவர் கேட்டது இன்னும் கூர்மையானது: "உங்கள் சொந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?" ஒன்பது பேரில் ஒருவருடைய பேத்தி மட்டும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மற்ற எட்டுப் பேரின் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பள்ளியில். அதன்பிறகு அந்தச் சந்திப்பில் பேச எதுவும் இருக்கவில்லை. தேநீர் மட்டும் வந்தது.

இந்த வெட்கத்தை மறைத்து வைப்பதால் பயன் இல்லை. அதிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில், யாரிடம் எந்த அதிகாரம் இருக்கிறது என்பது. மாநகராட்சியின் கல்வித்துறைக்குத் தலைவர் கல்வி அதிகாரி. அவருக்குக் கீழே துணைக் கல்வி அதிகாரிகள், வார்டுக்கு வார்டு நிர்வாக அதிகாரிகள், பள்ளிகளை நேரில் சுற்றிப் பார்க்கும் பீட் ஆபீசர்கள். தாராவி ஜி-வடக்கு வார்டு. மாட்டுங்காவும் சயானும் ஆண்டாப்ஹில்லும் எஃப்-வடக்கு. செம்பூர் எம்-மேற்கு, சீத்தா கேம்ப் எம்-கிழக்கு. உயர்நிலைப் பள்ளி என்றால் கணக்கே வேறு. மாநகராட்சி தானே நடத்தும் உயர்நிலைப் பள்ளிகள் அதன் கையில் இருக்கின்றன. தனியார் உயர்நிலைப் பள்ளிகள் மாநில அரசின் கல்வி இன்ஸ்பெக்டர்களின் மேற்பார்வையில் வருகின்றன. ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பிரச்சினையை ஒரு மேசையில் சொன்னால் அடுத்த மேசையைக் காட்டுவார்கள் என்பது இதனால்தான். காட்டுகிறவர் நம்மை விரட்டுவதாக நினைத்துக் கோபப்படுவதைவிட, இரண்டு மேசைகளுக்கும் ஒரே நாளில் ஒரே தாளைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பணத்தைத் தீர்மானிப்பதும் அவர் ஒருவர் அல்ல. 2025-26ஆம் ஆண்டுக்கு மாநகராட்சியின் மொத்த வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். கல்விக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 3,955 கோடி. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கல்வி அதிகாரி என்பவர் பெரிய வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்திருப்பவர் என்பது புரியும். அதற்குமேல், 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சிக்கு 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் 227 வார்டுகளுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. கல்விக் குழுவும் கிடையாது. "எங்கள் வார்டுப் பள்ளியில் ஆசிரியர் இல்லை" என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஆளில்லாத நான்கு ஆண்டுகள் ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய இழப்பு! இரண்டாம் வகுப்பில் இருந்த குழந்தை அதற்குள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது.

ஆனாலும் ஒரு கல்வித் தலைவர் நினைத்தால் எதுவும் முடியாது என்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது, முந்தைய ஆண்டு இராஜாஜி ஆட்சியில் கொண்டுவரப்பட்ட அரைநாள் கல்வித் திட்டம் தமிழ்நாட்டையே கொதிக்க வைத்திருந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தைக் காமராசர் கைவிட்டார். அதே காலகட்டத்தில் பொதுக்கல்வி இயக்குநராக வந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. அவரிடமும் கையிருப்பு அதிகமில்லை. இரண்டே இரண்டை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளி இருக்கவேண்டும். பள்ளிக்கு வந்த பிள்ளை பசியோடு உட்காரக்கூடாது. மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கியபோது முதலில் ஊராரின் அரிசியிலும் பருப்பிலும்தான் அது நடந்தது. அரசு மானியம் பிறகு வந்தது. 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆரம்பித்தன. ஊர்க்காரர்களே நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இன்றைக்குத் தாராவியில் இருக்கும் நெல்லைப் பெரியவர்களில் பலர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவர்கள். தலைமை என்று நாம் சொல்வது இதைத்தான். நூறு வேலைகள் காத்திருக்கும்போது எந்த இரண்டை முதலில் செய்வேன் என்று அறிவிக்கும் துணிவு வேண்டும். மற்றத் தொண்ணூற்றெட்டையும் ஏன் பிறகு செய்வேன் என்று ஜனங்களிடம் சொல்லும் நேர்மையும் வேண்டும். மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, சீருடை, செருப்பு, குடை என்று 27 வகைப் பொருட்களை இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடை பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதல்லவா முதல் கேள்வி?

இருபத்திரண்டு கோரிக்கை எழுதிய நாமும் இந்த இடத்தில்தான் தவறினோம். அதிகாரியிடம் முதன்மை எது என்று கேட்கும் உரிமை, நம் முதன்மை எது என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் உண்டு.

அது எது? நம் கருத்தைச் சொல்கிறோம். தாராவி கிராஸ் ரோட்டில் ஒரு தாய் கேட்டார்: "அண்ணாச்சி, எம் மவ ஏழு முடிச்சிட்டா. நல்லாத்தான் படிக்கா. இனி எங்க கொண்டு சேக்கட்டும், நீங்களே சொல்லுங்க." இந்தக் கேள்விதான் நம் முதன்மை. மற்ற இருபத்தொன்றும் காத்திருக்கலாம்.

மகாராஷ்டிரத்தில் பழைய வழக்கப்படி ஏழாம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளி, எட்டிலிருந்து பத்துவரை உயர்நிலைப் பள்ளி. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை தொடக்கக் கல்வி என்றது. ஏழானாலும் எட்டானாலும், அங்கே போய்ச் சேரும் தமிழ்வழிப் பிள்ளைக்கு நீண்ட காலமாகவே எதிரில் இருப்பது ஒரு பள்ளம். தமிழில் உயர்நிலை வகுப்பு கிடைப்பது அரிது. பல பிள்ளைகளுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இல்லவே இல்லை. திடீரென்று கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில். வகுப்பில் முதலாவதாக வந்த பெண் அந்த ஆண்டில் கடைசி வரிசைக்குப் போகிறாள். அடுத்த ஆண்டில் வீட்டிலேயே உட்கார்ந்து இட்லி மாவு அரைக்கவோ, ஜரிகை வேலைக்குப் போகவோ தொடங்கிவிடுகிறாள். சிலரை ஊருக்கு அனுப்பித் தாத்தா பாட்டி வீட்டில் படிக்க வைக்கிறார்கள். தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்கப் பெற்றோர் அஞ்சுவதற்கு மூலகாரணம் ஆங்கில மோகம் மட்டுமல்ல, இந்தப் பள்ளம்தான். முடிவில் சுவர் இருக்கும் சந்துக்குள் யார் வண்டியை ஓட்டுவார்கள்?

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி, பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால் அவர்களுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1956இல் அரசியல் சட்டத்தில் 350அ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்வதை மாநில அரசுகள், உள்ளாட்சிகள் ஆகியவற்றின் முயற்சிக்குரிய கடமையாக அது சொல்கிறது. ஆனால் இவை எல்லாமே தொடக்க நிலையோடு நின்றுவிடுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். உயர்நிலைக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது. வேறு வழி தேடவேண்டும்.

மலேசியத் தமிழர்களிடம் ஒரு வழி இருக்கிறது. அங்கே ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசின் கல்வி அமைப்புக்குள்ளேயே நடக்கின்றன. அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. இடைநிலைப் பள்ளி மலாய் மொழியில்தான். ஆனால் மலாயில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளைக்கு இடையில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு என்று ஒன்று உண்டு. மொழியைப் பலப்படுத்திக்கொண்டு, பிறகு முதலாம் படிவத்துக்குப் போகலாம். ஓராண்டு வீணாகிறது என்று அங்குள்ளவர்களே குறை சொல்வதுண்டு. குறை இருக்கட்டும், பள்ளத்தின்மேல் ஒரு பலகையாவது போட்டிருக்கிறார்கள் அல்லவா? இங்கே ஓராண்டு தனியாக வேண்டாம். ஆறு, ஏழாம் வகுப்புகளிலேயே கணக்கு, விஞ்ஞானத்தின் கலைச்சொற்களைத் தமிழோடு ஆங்கிலத்திலும் சொல்லித்தரும் இணைப்புப் பாடம், வாரத்துக்குச் சில மணி நேரம் போதும். கூடவே, தமிழ்ப் பிள்ளைகள் மிகுந்த இடங்களில் பத்துவரை தமிழ்வழி வகுப்பு தொடரவேண்டும். இந்த இரண்டையும் கேட்போம். கல்வி அதிகாரி எதை முதலில் செய்யமுடியும் என்று சொல்கிறாரோ அதை எழுத்தில் கேட்போம்.

இனி, நம்மால் ஆகவேண்டிய காரியம். செப்டம்பர் 30ஆம் தேதியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காந்தி ஜெயந்திக்கு இரண்டு நாள் முந்தியது என்பதைத் தவிர? அந்தத் தேதியில் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் இந்த மாநிலத்தில் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 ஆனால் 3. மாநில அரசு 2024 மார்ச்சில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியதை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. ஒரு பிள்ளை குறைந்தாலும் ஓர் ஆசிரியர் போகலாம். ஓர் ஆசிரியர் போனால் அடுத்த ஆண்டு பத்துப் பிள்ளைகள் போவார்கள்.

நாமோ மே மாதம் ஊருக்குப் போகிறோம். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து. இங்கே ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடுகிறது. நாம் ஆடி பிறந்தபிறகு மெதுவாகத் திரும்புகிறோம். சேர்க்கை நாட்களில் பெற்றோர் இல்லை. பீட் ஆபீசர் வந்து பார்க்கும்போது பெஞ்சுகள் காலி. "தமிழ்ப் பகுதிக்கு ஆதரவு குறைவு" என்று அவர் எழுதிவிட்டுப் போனால் யார்மேல் குற்றம்? கொடையை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துவிட்டு ரயில் ஏறலாமே.

இந்தக் கணக்கு இப்போது தாராவிக்கு உயிர்ப்பிரச்சினை ஆகியிருக்கிறது. புனரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்றும், மற்றவர்களுக்கு வெளியே என்றும் திட்டம் வகுத்திருக்கிறார்கள். முலுண்ட், தேவ்னார் என்று ஊர்ப் பெயர்கள் அடிபடுகின்றன. வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று எல்லாரும் கேட்கிறோம். பள்ளியைப் பற்றி யார் கேட்டோம்? ஒரு தெருவின் பாதிக் குடும்பங்கள் தேவ்னாருக்கும் மீதிக் குடும்பங்கள் இடைக்கால வீடுகளுக்கும் பிரிந்துபோனால், செப்டம்பர் 30 அன்று தமிழ்ப் பகுதியில் மிஞ்சுவது எத்தனை பிள்ளைகள்? எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டு மூடவேண்டிய அவசியமே இல்லை. எண்ணிக்கையே மூடிவிடும்.

1976 மே மாதம், நெருக்கடிநிலைக் காலத்தில், அணுசக்தி ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து மக்களை லாரிகளில் ஏற்றிச் சீத்தா கேம்ப்பில் இறக்கினார்கள். அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் இன்றும் செம்பூர்ப் பக்கம் இருக்கிறார்கள். சேற்றில் கம்பு நட்டுக் கூரை போட்டதைச் சொல்வார்கள். அந்த ஆண்டில் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். அதே தவறு தாராவியில் நடக்கக்கூடாது. குடும்பங்கள் நகரும்போது அவர்களோடு தமிழ்ப் பகுதியும் ஆசிரியரும் நகரும் ஏற்பாடு உண்டா, புதிய கட்டட வரைபடத்தில் மாநகராட்சிப் பள்ளிக்கு எங்கே இடம், இடைக்காலத்தில் செப்டம்பர் கணக்குக்கு விலக்கு அளிப்பார்களா என்று கல்வி அதிகாரியைக் கேட்கவேண்டும். அவருக்கு அந்த வரைபடமே காட்டப்படவில்லை என்றால், அதையும் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

மராத்தி பற்றிப் பேசாமல் இந்த நகரத்தில் மொழி பற்றிப் பேச முடியாது. 1966இல் சிவசேனை தோன்றியபோது தென்னிந்தியர்கள்மேல் எழுந்த பகையை நாம் மறக்கவில்லை. ஆனால் 2025இல் நடந்ததையும் பார்க்கவேண்டும். முதல் வகுப்பிலிருந்தே மூன்றாவது மொழியாக இந்தியைக் கொண்டுவரும் ஆணைகளை மாநில அரசு ஏப்ரலிலும் ஜூனிலும் போட்டது. மராத்தி மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூன் 29 அன்று அரசு ஆணைகளைத் திரும்பப் பெற்றது. சின்னக் குழந்தையின் தலையில் மொழிச் சுமையை ஏற்றாதே, தாய்மொழி முதலில் வேரூன்றட்டும் என்று அவர்கள் சொன்னதைத்தான் தமிழ்நாடும் காலம் காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. மாநகராட்சியின் மராத்திப் பள்ளிகளும் பிள்ளைகள் குறைந்து தவிக்கின்றன. ஆகவே மராத்திப் பள்ளிகளைக் காக்கப் போராடுகிற பெற்றோர் நமக்குப் பகைவர்கள் அல்லர், ஒரே பெஞ்சில் உட்காரவேண்டியவர்கள். தூதுக்குழுவில் அவர்களில் இருவரை அழைத்துக்கொண்டு போகலாம் என்பது நம் யோசனை. நம் பிள்ளைகளுக்கு மராத்தி நன்றாக, சரியாகக் கற்றுத்தர ஆசிரியர் வேண்டும் என்பதையும் நாமே முன்வந்து கேட்போம். இந்த மண்ணில் பிழைக்கிறோம். இந்த மண்ணின் மொழியில் நம் பிள்ளை விண்ணப்பம் எழுதத் தடுமாறுவது நமக்குப் பெருமையல்ல.

கடைசியாக, கசப்பான ஒன்று. மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. படித்த, உத்தியோகம் பார்த்த தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிகளையும் கல்லூரியையும் உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். அதே காலத்தில், ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் தோல் பதனிட்ட தமிழனின் பிள்ளைக்கு மாநகராட்சிப் பள்ளியைத் தவிர நாதி இருக்கவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள். பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் பாதையைத் தாண்டவே இல்லை. இன்றும் தமிழ் விழா மேடைகளில் முழங்குகிற நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிக்கூடப் படிப்பதில்லை. தமிழ்வழியில் சேர்க்காதவர்கள் துரோகிகள் என்று நாம் சொல்லமாட்டோம். பள்ளத்தைக் காட்டிவிட்டு அதில் குதி என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் தன் பிள்ளையை அனுப்பாத பள்ளிக்காகப் பேசுகிறவர் தூதுக்குழுவில் பின்வரிசையில் உட்காரட்டும். முன்வரிசையில், அந்தப் பள்ளியின் தாய்மார் உட்காரவேண்டும்.

இது மரியாதைக்காகச் சொல்வது அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பு அந்தக் குழுவுடையது. நம் பகுதிப் பள்ளிகளில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேட்டால் பல இடங்களில் தாய்மார்கள், "ஏதோ நோட்டில் கையெழுத்து வாங்கினாங்க" என்கிறார்கள். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதிலிருந்துதான் கல்வி அதிகாரியோடு நம் பேச்சு தொடங்கவேண்டும். ஏழாவது முடித்த மகளை எங்கே சேர்ப்பது என்று கேட்ட அந்த அக்காவே தூதுக்குழுவின் சார்பில் முதலில் பேசட்டும். இந்தியில் பேசத் தயங்கினால் தமிழிலேயே பேசட்டும், பக்கத்திலிருந்து நாம் பெயர்த்துச் சொல்வோம். பொன்னாடை வேண்டாம். படமும் வேண்டாம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சீத்தா கேம்ப் கிளைத் தோழர்கள் தத்தம் பகுதியிலுள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை, இந்த ஆண்டில் ஓய்வுபெறப் போகிறவர்கள் எத்தனை, ஏழும் எட்டும் முடித்த பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள், எத்தனை பேர் எங்கேயுமே சேரவில்லை என்ற விவரங்களைத் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். கொடுக்க மறுத்தால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி மனுப்போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பட்டியல் நம் அலுவலகத்துக்கு வந்து சேரவேண்டும். அது கைக்கு வந்தபிறகே சந்திப்புக்குத் தேதி கேட்பதாக இருக்கிறோம்.